மணல் நம்முடையது; காந்தம் எவருடையது?

தோழரே,

மின்சாரம் எட்டிப்பாராத நாளிலே, ஊர்க்கோடித் திடலில் நம் முன்னோடிகள் கூட்டம் நடத்தியபோது, மேடைக்கு மேலே தொங்கியது பெட்ரோமாக்ஸ் விளக்கு. காற்றை அழுத்தி ஏற்றினால் இரைச்சலோடு வெண்ணொளி பாய்ச்சும் அவ்விளக்கின் உயிர், கண்ணாடிக் கூட்டுக்குள்ளே தொங்கும் ஒரு சிறு வலைப்பை. மேண்டில் என்போம். விரல் பட்டால் சாம்பலாய் உதிர்ந்துவிடும். அச்சாம்பல் தோரியம் என்னும் உலோகத்தின் ஆக்சைடு; அதனுடன் நூற்றில் ஒரு பங்கு சீரியம். அந்தத் தோரியத்தை உலகுக்கு வழங்கிய நிலங்களுள் ஒன்று, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை.

பழங்கதை எதற்கு என்று கேட்பீர். இன்று வல்லரசுகள் ஒன்றையொன்று முறைத்து நிற்கக் காரணமாகிவிட்ட நியோடிமியம் என்னும் உலோகத்தின் கதையும் அதே மேண்டிலைக் கண்ட மனிதரிடம்தான் தொடங்குகிறது. அதே மணலில்தான் வந்து நிற்கிறது.

ஆஸ்திரிய நாட்டு வேதியியலார் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக். 1841-இல் மொசாண்டர் என்ற சுவீடன் நாட்டறிஞர் ஒரு புதுப்பொருளைக் கண்டு, அதனைத் தனி உலோகமென நம்பி, 'இரட்டைப் பிள்ளை' என்று பொருள்படப் பெயரிட்டிருந்தார். 1885-இல் வியன்னாவிலே அந்த ஒன்றை இரண்டாகப் பிரித்துக் காட்டினார் ஆவர். ஒன்று பசுமை காட்டியது. மற்றொன்றுக்கு 'புதிய இரட்டை' எனப் பொருள்படும் நியோடிமியம் என்ற பெயர் கிடைத்தது. ஆனால் அந்நாளில் அவருக்குப் பொருளும் புகழும் தேடித் தந்தது நியோடிமியம் அன்று. 1891-இல் விற்பனைக்கு வந்த மேண்டில்தான். ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளெல்லாம் தோரியம் கேட்டன.

1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தென்னைநார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் என்ற தாது இருக்கக் கண்டார். தோரியம் தருவது மோனசைட். கயிற்றைப் பற்றிக் கொண்டே கரைக்கு வந்து சேர்ந்தார்! மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. 1914-இல் போர் மூண்டதும் ஜெர்மானியர் பிடி போயிற்று. ஆங்கிலேயர் பிடி வந்தது. பிடித்த கை மாறிற்று. மணல் அள்ளிச் சுமந்த கை மாறவில்லை.

இங்கேதான் தோழரே, ஒரு வேடிக்கை. மோனசைட்டில் தோரியம் நூற்றில் எட்டு முதல் பத்துப் பங்குதான். பாதிக்கு மேற்பட்ட பங்கு சீரியம், லாந்தனம், நியோடிமியம் முதலான அருமண் உலோகங்களின் ஆக்சைடுகள். அன்று மேண்டில் செய்தவர்களுக்கு அவை வேண்டாத கழிவு. கழிவை என்ன செய்வதென்று திகைத்து, ஆவரே அதனை இரும்போடு கலந்து தீப்பொறி பறக்கும் கல்லாக்கினார். சிகரெட் லைட்டரில் இன்றும் உரசப்படும் 'லைட்டர் கல்' அதுதான். கண்ணாடி ஊதுவோர் கண்ணுக்கு அணியும் காப்புக் கண்ணாடியில் ஒரு சிட்டிகை நியோடிமியம் சென்றது. 1961-இல் அதனைக் கொண்டு லேசர்க் கதிர் உண்டாக்கினர். மற்றபடி நூறாண்டுக் காலம் எடுப்பார் கைப்பிள்ளையாகவே கிடந்தது இந்த உலோகம்.

அதன் தலையெழுத்தை மாற்றியது ஆப்பிரிக்கா. 1978-இல் ஜயர் நாட்டின் ஷாபா மாநிலத்திலே படையெடுப்பு நிகழ்ந்தது. உலகுக்குக் கோபால்ட் தந்த மண் அது. கோபால்ட் விலை விண்ணை முட்டியது. அக்காலத்தில் வலுமிக்க காந்தமெல்லாம் சமாரியமும் கோபால்ட்டும் கலந்து செய்யப்பட்டவை. ஆகவே, 'கோபால்ட் இல்லாத காந்தம் கிடைக்குமா?' என்று ஆய்வுக்கூடங்கள் தேடத் தலைப்பட்டன. ஜப்பானிலே மசாட்டோ சகாவா என்ற இளைஞர் இரும்பை நம்பினார். வேலை பார்த்த நிறுவனம் அவர் எண்ணத்தை மதிக்கவில்லை. அதைவிட்டு வெளியேறி, வேறொரு நிறுவனத்திலே சேர்ந்து, 1982-இல் செய்து காட்டினார். அமெரிக்காவிலே ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஜான் குரோட் வேறு வழியில் அதே பொருளை அடைந்தார். அணுக்கணக்கில் நியோடிமியம் 2, இரும்பு 14, போரான் 1. எடைக்கணக்கில் நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது பங்கு நியோடிமியம். இன்றளவும் விற்பனைக்கு வரும் நிலைக்காந்தங்களில் இதற்கு நிகரான வலிவுடையது வேறில்லை.

இக்காந்தம் எங்கே இருக்கிறது என்று கேட்பதைவிட எங்கே இல்லை என்று கேட்பது எளிது. சட்டைப்பையிலுள்ள கைப்பேசியின் ஒலிபெருக்கியில் இருக்கிறது. கணினியின் வட்டில் இருக்கிறது. மின்சாரக் கார் ஒவ்வொன்றின் மோட்டாரிலும் பெரும்பாலும் ஒரு கிலோ முதல் இரண்டு கிலோ வரை இருக்கிறது. பல்லிணை இன்றி நேராகச் சுழலும் காற்றாலையில் ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் ஏறத்தாழ அறுநூறு கிலோ. ஏவுகணையின் துடுப்பைத் திருப்பும் சிறு மோட்டாரிலும் அதுவே. கரியும் எண்ணெயும் விலக்கி உலகம் புதுவழி செல்லப் போகிறது என்கிறார்களே, அவ்வழியிலே ஓடும் சக்கரம் ஒவ்வொன்றும் இதை நம்பித்தான் சுழல்கிறது.

'அப்படியானால் பொன்னைப் போல் அரிய பொருளோ?' என்று கேட்பீர். இல்லை. அருமண் என்ற பெயரே ஒரு பொய்ப் பெயர். பூமியின் மேலோட்டில் ஈயத்தைக் காட்டிலும் மிகுதியாகக் கிடக்கிறது நியோடிமியம். செம்புக்குச் சற்றே குறைவு. அரிதாக இருப்பது உலோகமன்று. அதனைப் பிரித்தெடுக்கும் ஆற்றல்.

சற்று நின்று இதை விளங்கிக் கொள்ள வேண்டும். மற்றவை எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. அருமண் உலோகங்கள் மொத்தம் 17. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல் ஒன்றாகவே மண்ணில் பிறந்து ஒன்றாகவே வெளிவருவன. வேதியியல் குணத்தில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மயிரிழை வேறுபாடு. அமிலத்தில் கரைத்த கலவையை, எண்ணெய் போன்ற ஒரு திரவத்தோடு கலக்கிக் கலக்கித் தெளிய வைத்தால், ஒவ்வொரு தொட்டியிலும் சிறிதளவே பிரியும். அத்தகைய தொட்டிகள் நூற்றுக்கணக்கில் வரிசையாய் நிற்கும். பிரித்த ஆக்சைடை உருகிய உப்பில் இட்டு மின்சாரம் பாய்ச்சி உலோகமாக்க வேண்டும். உலோகத்தை இரும்போடு உருக்கி, மாவினும் நுண்ணிய பொடியாக்கி, காந்தப் புலத்திலே நிறுத்தி அழுத்தி, ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட சூட்டில் இறுக்கி, தேய்த்து, துருவேறாதபடி நிக்கல் பூச வேண்டும். மணலில் தொடங்கிக் காந்தத்தில் முடியும் இந்த நெடுவழியில், மணல் வெறும் முதற்படி. விலை ஏறுவதெல்லாம் பிற்படிகளில்.

இன்னொரு சிக்கல், பொருளாதாரம் பேசும் மேதைகள் பலரும் மறைத்துவிடுவது. நமக்கு வேண்டியது நியோடிமியம். அது மோனசைட்டின் அருமண் பங்கில் ஐந்தில் ஒன்றைக்கூட எட்டுவதில்லை. பாதிக்கு நெருக்கமாய் வருவது சீரியம். அதற்கோ மெருகேற்றும் பொடியாக விற்பதன்றிப் பெருந்தேவை கிடையாது. ஒரு மூட்டை வேண்டுமானால் இரண்டரை மூட்டை வேண்டாததையும் தூக்கி வர வேண்டும் என்ற நிலை! வேண்டாததன் செலவையும் வேண்டியதே சுமக்கிறது. ஆகவே, 'தேவை கூடினால் உற்பத்தி தானே கூடும்' என்ற பாடப்புத்தகச் சூத்திரம் இங்கே பலிப்பதில்லை.

இந்த நெடுவழியை முழுவதும் தன் கையில் வைத்திருப்பது சீனா. 2024-ஆம் ஆண்டை ஒட்டிய கணக்கின்படி, உலகில் தோண்டப்படும் அருமண்ணில் ஏறத்தாழ அறுபது முதல் எழுபது விழுக்காடு அங்கே. பிரித்தெடுப்பதில் தொண்ணூறு விழுக்காட்டளவு அங்கே. காந்தம் செய்வதில் அதற்கும் மேல். விழுக்காடு ஏறிக்கொண்டே போவதைப் பாரும். இது இயற்கை அளித்த வரமா? உள் மங்கோலியாவின் பையான் ஓபோவில் இரும்புத் தாதோடு சேர்ந்து அருமண் கிடைத்தது உண்மை. ஆனால் கிடைத்தவர் எல்லோரும் ஆளவில்லை. பீக்கிங் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சூ குவாங்சியன் 1970-களில் அந்தத் தொட்டி வரிசைக்குக் கணக்கு வகுத்துத் தந்தார். ஆய்வுக்கூடத்தில் சோதிக்காமலே ஆலை கட்டும் அளவுக்குக் கணக்கு. அரசு அதனை ஆலைதோறும் பரப்பியது. பாவோதோவின் கழிவு ஏரி கதிரியக்கச் சேறாக நிறைந்து, சுற்றுப்புறத்து உழவர் நிலமிழந்ததும் அக்கதையின் மறுபக்கம். அதை மறைத்துப் புகழ்பாட நாம் எவருக்கும் கடன்பட்டவர் அல்லோம்.

அமெரிக்கா? ஒரு காலத்தில் அதுவே உலகுக்கு அருமண் வழங்கியது. கலிபோர்னியாவின் மவுண்டன் பாஸ் சுரங்கம் 2002-இல் மூடப்பட்டது. காந்தம் செய்யும் கலையையும் கைவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவிய மேக்னிகுவெஞ்ச் என்ற காந்த நிறுவனம் 1995-இல் சீன நிறுவனங்கள் இரண்டு பங்கேற்ற குழுவுக்கு விற்கப்பட்டது. அரசாங்கம் அனுமதி தந்தது. சில ஆண்டுகளில் இந்தியானா மாநிலத்து ஆலைகள் மூடப்பட்டன. எந்திரங்கள் கடல் கடந்தன. தொழிலாளர் தெருவில் நின்றனர். எவரும் பறித்துச் செல்லவில்லை, தோழரே. இலாபக் கணக்கர்கள் எடைபோட்டு விற்றார்கள்.

பிறகு வந்தது பாடம். 2010 செப்டம்பரில் சென்காகு தீவுகளருகே ஒரு மீன்பிடிப் படகு மோதலை ஒட்டி ஜப்பானுக்கு அருமண் வரத்து தடைப்பட்டது. 2009-இல் கிலோ இருபது டாலர் அளவில் விற்ற நியோடிமியம் ஆக்சைடு 2011-இல் இருநூறு டாலரைத் தாண்டிற்று. புதுச் சுரங்கத் திட்டங்கள் காளான் போல் முளைத்தன. அமெரிக்காவும் ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் 2012-இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்கிட்டன; 2014-இல் வென்றன. வென்றது காகிதத்திலே! அதற்குள் விலை வீழ்ந்துவிட்டது. மவுண்டன் பாஸைத் திறந்து நடத்திய மோலிகார்ப் நிறுவனம் 2015-இல் திவாலாயிற்று. சுரங்கம் மறுபடி வேறு கைக்கு மாறி இயங்கியபோது, தோண்டியெடுத்த தாதைப் பிரித்துத் தர வல்லார் இன்றிச் சீனாவுக்கே கப்பலேற்றினார்கள். மண் அமெரிக்காவில், ஆலை சீனாவில்.

இதற்குச் 'சந்தை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். செம்புக்கும் ஈயத்துக்கும் உள்ளது போன்ற திறந்த பெருஞ்சந்தை இதற்கு இல்லை. விற்பவரும் வாங்குபவரும் தனித்தனியே பேசி முடிப்பது. விலையைச் சில வாணிப ஏடுகள் விசாரித்து எழுதுவது. உலகெங்கும் 2024-இல் தோண்டிய அருமண் ஆக்சைடு மொத்தமே ஏறத்தாழ 3,90,000 டன். இவ்வளவு சிறிய குளத்திலே ஒரு யானை இறங்கினால் நீர்மட்டம் என்னாகும்? யானை இறங்கினால் போட்டியாளர் மூழ்குவர். ஏறினால் வாங்குவோர் வறண்டு போவர்.

2025 ஏப்ரல் 4-ஆம் நாள் யானை மறுபடி அசைந்தது. அமெரிக்கச் சுங்கவரிக்கு விடையாக ஏழு அருமண் உலோகங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் உரிமம் இன்றி ஏற்றுமதி இல்லை என்றது சீனா. அந்த ஏழில் நியோடிமியம் இல்லை! ஆயினும் நியோடிமியக் காந்தம் அகப்பட்டுக் கொண்டது. எப்படி? சூடேறினால் வலிவிழப்பது இக்காந்தத்தின் குறை. மோட்டாருக்குள்ளே சூடு தாங்க வேண்டுமானால் டிஸ்புரோசியமோ டெர்பியமோ சிறிது சேர்க்க வேண்டும். அவ்விரண்டும் பட்டியலில் இருந்தன. கறியைத் தடுக்கவில்லை, உப்பைத் தடுத்தார்கள். அந்த உப்பில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது தெரியுமா? பர்மாவின் கச்சின் மலைகளிலிருந்து. மலையில் துளையிட்டு இரசாயன நீர் பாய்ச்சி எடுக்கிறார்கள். 2024 அக்டோபரில் பாங்வா வட்டாரச் சுரங்கங்கள் கச்சின் படையினர் கைக்கு வந்தன. துப்பாக்கி ஏந்தியவர் கைமாறும் மலையிலிருந்து வருகிறது உலகத்து மின்காரின் உயிர்நாடி.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் மின் ஸ்கூட்டர் ஆலைகள் எழுந்திருக்கும் காலம் இது. 2025 கோடை தொடங்கி, நாட்டின் வண்டி நிறுவனங்கள் காந்தம் இல்லையென்று கைபிசைந்தன. ஒரு பெருநிறுவனம் மின் ஸ்கூட்டர் உற்பத்தியைப் பாதியாகக் குறைக்க நேர்ந்ததாக அறிவித்தது. பெரிய ஆலை தும்மினால் உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறைக்குக் காய்ச்சல். அப்பட்டறையின் நாட்கூலித் தொழிலாளிக்கு டிஸ்புரோசியம் என்ற பெயரை உச்சரிக்கவும் தெரிந்திராது. அவன் கூலியை அது தீர்மானித்தது.

அந்த ஆண்டு ஜூலையில் அமெரிக்கா செய்ததைக் கவனித்தீரா? தடையற்ற வாணிபத்தின் தலைமைப் பூசாரி, தன் பாதுகாப்புத் துறையின் பணத்தால் மவுண்டன் பாஸ் நிறுவனத்தின் பங்கை வாங்கிற்று. நியோடிமியமும் அதன் இரட்டையும் கலந்த ஆக்சைடுக்குக் கிலோ 110 டாலர் என்று பத்தாண்டுக்கு அடிவிலையும் உறுதி செய்தது. அன்றைய சந்தை விலையைப் போல் ஏறக்குறைய இருமடங்கு! நெல்லுக்கு ஆதரவு விலை கேட்டால் 'சந்தையைக் கெடுக்காதே' என்று உபதேசிப்பவர்கள், தமக்கு வந்தபோது சந்தையைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நான் குறை சொல்லவில்லை. செய்தது சரி; உபதேசம்தான் தவறு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1947-இல் 'தனித் திருவிதாங்கூர்' முழங்கிய திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் நம்பிய செல்வங்களுள் ஒன்று இந்த மணல். அணுகுண்டுக்குப் பிறகு தோரியத்தின் மதிப்பு அப்படி உயர்ந்திருந்தது. 1951-இல் பஞ்சம் வாட்டியபோது இந்தியா அமெரிக்காவிடம் இருபது லட்சம் டன் கோதுமை கேட்டது. 'கோதுமைக்கு மோனசைட் கொடு' என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தில் சிலர் பேரம் பேசினர். பசியிலும் நேரு மறுத்தார். கடனாகவே கோதுமை வந்தது. அதற்கு முன்பே, 1950-இல், இந்திய அருமண் நிறுவனம் பிறந்தது. 1952 இறுதியில் ஆலுவாவில் ஆலையை நேருவே திறந்து வைத்தார். 1956 நவம்பர் 1-இல் குமரி தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. 1960-களில் மணவாளக்குறிச்சி மணல் ஆலை மைய அரசின் அந்நிறுவனத்துக்குப் போயிற்று.

நேரு காலத்திலே கால் ஊன்றியவர்கள் நாம். சீனாவின் சூ குவாங்சியன் கணக்கு வகுப்பதற்கு இருபது ஆண்டு முன்பே நமக்கு ஆலை இருந்தது! பின்னே என்ன நேர்ந்தது? சீனச் சரக்கு மலிவாக வந்தது. 2004-இல் மோனசைட்டிலிருந்து அருமண் பிரிக்கும் பணி நிறுத்தப்பட்டது. மலிவு என்ற ஒரே சொல்லில் அரை நூற்றாண்டுத் திறமை மூட்டை கட்டப்பட்டது. பின்னர் ஒடிசாவில் புது ஆலை வந்தது; ஜப்பானோடு 2012-இல் உடன்பாடு வந்தது. 2024-இல் இந்தியா எடுத்த அருமண் 2,900 டன், உலக அளவில் நூற்றில் ஒன்றுகூட இல்லை. அதிலும் மூன்றில் ஒரு பங்களவு ஜப்பானுக்குக் கப்பலேறியது. நாம் ஆக்சைடு அனுப்பினோம். காந்தத்தைச் சீனாவிடம் வாங்கினோம். பருத்தியைக் கப்பலேற்றி மான்செஸ்டர் வேட்டி வாங்கிய காலத்தை நம் பாட்டன்மார் கதையாகச் சொல்வார்கள். அக்கதைக்குப் புதுப்பதிப்பு வந்திருக்கிறது.

2025 ஜூனில்தான் ஜப்பான் ஏற்றுமதியை நிறுத்த மைய அரசு சொன்னதாகச் செய்தி வந்தது. நவம்பரில் 7,280 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள்: ஆண்டுக்கு 6,000 டன் காந்தம். வரவேற்கத்தக்கதே. ஆனால் தொடங்கும் இடம் எது? விசாகப்பட்டினத்தில் 2023-இல் நாட்டுக்கு அர்ப்பணித்த காந்த ஆலையின் அளவு ஆண்டுக்கு 3,000 கிலோ. அதுவும் பழைய சமாரியம்–கோபால்ட் வகை. கிலோவிலிருந்து டன்னுக்குத் தாவுகிறோம் என்பதை மறக்கலாகாது. 6,000 டன் காந்தத்துக்கு ஏறத்தாழ 1,800 டன் நியோடிமியமும் இரட்டையும் வேண்டும். நாட்டில் ஓராண்டில் எடுக்கக்கூடியது 450 டன் அளவு என்பது 2025-இல் வெளிவந்த மதிப்பீடு.

இந்தக் கணக்கைத்தான் நாளை நம் முகத்தில் எறிவார்கள். 'பார்த்தாயா, மணல் போதவில்லை; குமரிக் கரையைத் தோண்டாமல் முடியுமா?' என்பார்கள். கிள்ளியூர் வட்டத்தில், கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் மணல் எடுக்கத் திட்டம் வந்தது. 2024 அக்டோபர் 1-ஆம் நாள் குறித்த கருத்துக் கேட்புக் கூட்டம், மக்கள் எதிர்ப்பால் தள்ளி வைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் மைய அரசு என்ன செய்தது? இத்தகைய கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பே வேண்டாம் என்று குறிப்பாணை பிறப்பித்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர் அதனைத் திரும்பப் பெறக் கோரிப் பிரதமருக்கு எழுதினார்.

கேட்பதற்கு அஞ்சுகிறவன் சொல்வதற்கு ஏதோ ஒளிக்கிறான் என்று மீனவன் எண்ணினால் அவன் மீது பிழை காண முடியுமா? மணல் மேடு போனால் கடல் உள்ளே வரும் என்பதை அவன் ஏட்டில் படித்தவன் அல்லன். வீடு இடிந்து படித்தவன். 2013-இல் தாதுமணல் தனியார் கொள்ளையை நிறுத்த மாநில அரசு தடை விதிக்க நேர்ந்ததே, 2025 பிப்ரவரியில் உயர்நீதிமன்றம் மத்திய புலனாய்வுக்கு உத்தரவிட நேர்ந்ததே, அந்த அனுபவமும் அவனுக்கு உண்டு. பேராக் மாநிலத்தின் புக்கிட் மேராவில் மோனசைட் ஆலையின் கதிரியக்கக் கழிவால் மலாயா மக்கள் வழக்குமன்றம் ஏறி, 1994-இல் ஆலை மூடப்பட்ட வரலாறும் தமிழ் மக்கள் வாழும் நாட்டிலே நடந்ததுதான்.

நம் தரப்பிலும் ஒரு சொல். மேடையேறும் சிலர், கரையில் மணல் இருப்பதே புற்றுநோய் என்பதுபோல் பேசுகிறார்கள். கேரளத்துக் கருநாகப்பள்ளியில் இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த ஊர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்கள் அதனால் புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை. பிரித்தெடுக்கும் ஆலையின் தூசியும் கழிவும் வேறு வினா. அதை அதற்குரிய சான்றோடு எழுப்ப வேண்டும். இரண்டையும் குழப்பிப் பேசினால், எதிரிலிருப்பவர் முதல் பொய்யைப் பிடித்துக்கொண்டு மற்ற உண்மைகளையும் தள்ளிவிடுவார்.

மணல் தேவையில்லை என்று நாம் வாதாடவில்லை. முதல் முட்டுக்கட்டை மணலன்று என்பதே வாதம். இருக்கும் ஆக்சைடையே உலோகமாக்க, உலோகத்தைக் காந்தமாக்க இங்கே பேரளவு ஆலை இன்றி, கப்பலேற்றியவர்கள் இவர்கள். பூட்டு தொங்குவது ஆலை வாசலில்; சாவியைத் தேடுவதோ செம்மீன் காயும் முற்றத்தில்! ஆலை கட்டும் வேலை ஐந்தாண்டு, பத்தாண்டு வேலை. அந்தக் காலத்துக்குள் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க ஒருநாள் கிடைக்காதா? நிலத்தைத் தோண்டிய பிறகு மீளக் கட்டும் கணக்கை, கதிரியக்கக் கழிவை எங்கே வைப்பர் என்ற வரைபடத்தை, கரைக்கு என்ன காவல் என்பதைத் தமிழில் அச்சிட்டுத் தர அஞ்சுவானேன்?

இந்த வாரம் குமரி மாவட்டக் கிளைகளுக்குச் செல்லும் தோழர்கள் முழக்கத்தோடு சேர்த்துச் சில வினாக்களையும் கொண்டு செல்க. அந்த 1,144 ஹெக்டேரிலிருந்து கிடைக்கும் மோனசைட் எந்த ஆலையில் பிரிக்கப்படும்? அந்த ஆலை கட்டப்பட்டதா, வரைபடத்தில் இருக்கிறதா? உலோகமாக்குவது எங்கே, காந்தமாக்குவது எங்கே, அவற்றில் ஒன்றேனும் குமரியில் அமையுமா? அமையுமானால் மீனவன் வீட்டுப் பிள்ளைக்கு அங்கே எத்தனை வேலை, எந்தப் பயிற்சிக்குப் பின்? கழிவுத் தோரியம் எவர் பொறுப்பில், எங்கே, எத்தனை காலம்? கீழ்மிடாலத்தில் யாரேனும் எழுந்து 'எழுதித் தருவார்களா?' என்று கேட்டால், அந்த வினாவையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டு வாரும்.